நிலவில் மனிதன் இறங்கவே இல்லை என்று சொல்பவருடன் வாதாடியிருக்கிறீர்களா? அனுபவங்களைப் பகிருங்கள்

கோள்நோக்கி:

ரயிலில் எதிர் இருக்கையில் இருந்தவர் நன்கு படித்தவர். செயற்கைக்கோள்களை நம்புகிறார், சந்திரயானை நம்புகிறார், மனிதரை நிலவில் இறக்கிய அமெரிக்காவின் அப்பல்லோ பயணங்களை மட்டும் நம்ப மறுக்கிறார். காற்றில்லாத நிலவில் கொடி அசைந்தது, படங்களில் நிழல் கோணியது என்ற வழக்கமான கேள்விகளை அவர் தொடவே இல்லை. “நிலவில் இறங்கியதைப் பதிந்த மூல நாடாக்கள் அழிந்துவிட்டன என்று நாசாவே சொல்கிறதே, சொந்தக் கல்யாண வீடியோவை யாராவது அழிப்பார்களா?” என்று கேட்டார். அப்பல்லோ வீரர்கள் நிலவில் வைத்த எதிரொளிப்பான்களில், அதாவது ஒளியை வந்த திசையிலேயே திருப்பும் கருவிகளில், பட்டு பூமியிலிருந்து அனுப்பிய லேசர் ஒளி ஏறத்தாழ இரண்டரை விநாடியில் திரும்பி வருவதையும், அதைக் கொண்டே நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிச் செல்வதை அளந்திருப்பதையும் நான் விரிவாகச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “திரும்பி வந்ததை நீங்கள் பார்த்தீர்களா?” என்றார். பெட்டியில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது.

வெற்றிடம்:

கோள்நோக்கி அவர்களே, சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் எடுத்த சான்று அந்த வாதத்துக்குப் பொருந்தாது. சோவியத் நாட்டின் லூனகோட் ஊர்திகள் 1970இலும் 1973இலும் ஆளில்லாமலே நிலவில் இறங்கின. அவற்றிலும் எதிரொளிப்பான்கள் இருந்தன. அங்கிருந்து ஒளி திரும்புகிறது என்பதால் மட்டும் மனிதர் அங்கே போனார் என்று ஆகிவிடாது.

என் மைத்துனர் கொடி ஆடும் காட்சியைக் காட்டியபோது, அப்பல்லோ 16இன் ஊர்தி ஓடும் காட்சியை நான் காட்டினேன். சக்கரங்கள் வாரியிறைத்த தூசு காற்றில் மிதக்கும் புழுதியாகப் பரவாமல், பரவளையமாக எழுந்து அப்படியே தரையில் விழுந்தது. அவர் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

இனி யாரிடமாவது பேச நேர்ந்தால், நாடா விஷயத்தை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அப்பல்லோ 11இன் மூலச் சமிக்ஞையைப் பதிந்த தரவு நாடாக்கள் அழிக்கப்பட்டு மறுபடியும் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் 2009இல் நாசா தெரிவித்தது. தொலைக்காட்சிக்கென மாற்றி ஒளிபரப்பிய பதிவுகள் இருக்கின்றன. அதற்குப் பிறகும் ஐந்து முறை தரையிறங்கியிருக்கிறார்கள் என்பதை இவர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள். அடுத்துப் பாறைகளுக்கு வாருங்கள்: ஆறு பயணங்களிலும் 382 கிலோ வந்தது, சோவியத்தின் ஆளில்லா லூனா கலங்கள் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த மண் அரைக் கிலோகூட இல்லை. அதன் பின், 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இருந்தபோதே லூனா 15 அங்கே மோதி நொறுங்கியதைச் சொல்லி, அவ்வளவு நெருங்கி வந்து தோற்ற போட்டியாளர், மோசடி நடந்திருந்தால் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேளுங்கள்.

ஐயப்பாடு:

வெற்றிடம் ஐயா சொல்லும் வரிசையில் யாரும் என்னிடம் பேசியதில்லை. 1972க்குப் பிறகு ஏன் மனிதர்கள் மறுபடியும் இறங்கவில்லை என்று அலுவலகத்தில் ஒருமுறை கேட்டேன். பூமி தட்டை என்றும் நம்புகிறீர்களா என்று எல்லோர் முன்னிலையிலும் ஒருவர் கேட்டார். நான் மறுக்கவில்லை, கேள்விதான் கேட்டேன். அதன் பிறகு அவர்கள் எதை விளக்கினாலும் காது கொடுக்க மனம் வரவில்லை.

முழுநிலா:

ஐயப்பாடு அவர்களே, பெரும்பாலும் பணம்தான் காரணம். 1966இல் அமெரிக்க மத்திய அரசின் செலவில் நான்கு விழுக்காட்டுக்கும் மேல் நாசாவுக்குச் சென்றது; இப்போது அரை விழுக்காடுகூட இல்லை. போட்டியில் வென்ற பிறகு செலவழிக்க மனமில்லாமல் அப்பல்லோ 18, 19, 20 பயணங்களைக் கைவிட்டார்கள். உங்களைக் கேலி செய்தவருக்கு இது தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

என்னை மடக்கியவள் ஒரு மாணவி. படங்களில் விண்மீன்களே இல்லையே என்றாள். வெயில் படும் தரைக்கேற்பக் கேமராவை அமைத்தால் மங்கலான விண்மீன்கள் பதியாது என்றேன். அவள் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. அன்றிரவே முழுநிலவைத் தானே படமெடுத்து அனுப்பியிருந்தாள். நிலவின் கறைகள் தெளிவாக இருந்தன, சுற்றிலும் ஒரு விண்மீனும் இல்லை. கீழே, “அப்படியானால் இதுவும் ஸ்டுடியோவா டீச்சர்?” என்று எழுதியிருந்தாள்.

கோள்நோக்கி அவர்களுக்கு ஒன்று. உங்கள் சக பயணி சந்திரயானை நம்புகிறார் என்றீர்கள். அப்பல்லோ 11, 12 இறங்கிய இடங்களைச் சந்திரயான்-2 2021இல் படமெடுத்திருக்கிறது. விட்டுவந்த கலத்தின் அடிப்பகுதி அவற்றில் தெரிகிறது. லேசரை விட்டுவிட்டு அங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.