18ஆம் லெவல் ஃபைட்டர் வேடிக்கை பார்க்கிறார்: சனிக்கிழமைக்குள் ஹவுஸ் ரூல் வேண்டும்

அல்சூர்_டிஎம்:
அவசரம். நான் டிஎம் (கதையை நடத்துபவர்). எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) கேம்பெயின் 18ஆம் லெவலுக்கு வந்துவிட்டது. போன வாரம் ஃபைட்டர் (மந்திரம் இல்லாமல் ஆயுதத்தால் சண்டை போடும் வீரர்) ஆடும் நண்பர் பாதி நேரம் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தார். விசார்ட் (மந்திரவாதி) ஒரு ஃபோர்ஸ்கேஜ் (எதிரியை அடைக்கும் மந்திரக் கூண்டு) போட்டதும் சண்டை முடிந்த மாதிரிதான். இவர் முறை வந்தால் "வெட்டுறேன், வெட்டுறேன், வெட்டுறேன்", அவ்வளவுதான். அடுத்தது டிராகன். ஃபைட்டருக்குக் கொஞ்சம் கெத்து வருகிற மாதிரி ஹவுஸ் ரூல் (எங்கள் மேஜைக்கு மட்டுமான விதி) சொல்லுங்கள். டேமேஜைக் கூட்டினால் போதுமா?

ஒயிட்ஃபீல்டு_பார்டு:
எந்த எடிஷன் விதிகள்? 2014ஆ, 2024ஆ? சப்கிளாஸ் (ஃபைட்டரின் உட்பிரிவு) என்ன? கையில் என்ன ஆயுதம்? என்ன டிராகன்?

கடைசி_ஹெச்பி:
அதெல்லாம் இருக்கட்டும், ஒரு நாளைக்கு எத்தனை சண்டை வைக்கிறீர்கள்? என் சந்தேகம் அங்கேதான்.

பழைய_பகடை:
மாதம் ஒருவர் வந்து இதையே கேட்கிறார், எடிஷனைக்கூட எழுதாமல். தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது. 2008இல் வந்த 4ஆம் எடிஷன் ஃபைட்டருக்கும் விசார்டுக்கும் ஒரே அளவில் பவர் கொடுத்து இதைத் தீர்த்தது. "எல்லா கிளாஸும் ஒரே மாதிரி இருக்கு" என்று திட்டித் தீர்த்தீர்கள். இப்போது அனுபவியுங்கள்.

அல்சூர்_டிஎம்:
2014. சாம்பியன். +3 கிரேட்ஸ்வோர்ட் (மந்திரப் பெருவாள்), ஸ்ட்ரெங்த் (உடல் வலிமை) 20, விஸ்டம் (மன உறுதி) 10. ஏன்ஷியன்ட் ரெட் டிராகன். சண்டை ஒன்றுதான் வைக்க முடிகிறது. கோரமங்கலாவில் ஆடுகிறோம். சில்க் போர்டைத் தாண்டி எல்லாரும் வந்து சேரவே மாலை ஆறு. பத்துக்கு மெட்ரோ பிடிக்க ஒருவர் எழுந்துவிடுவார்.

கடைசி_ஹெச்பி:
அதேதான்! 2014 டிஎம் கையேடு ஒரு நாளுக்கு ஆறிலிருந்து எட்டு சண்டை என்று கணக்கு வைத்திருக்கிறது. நீங்கள் ஒன்று வைத்தால் விசார்ட் ஒரு நாள் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) மொத்தத்தையும் அதிலேயே கொட்டுவார். ஆட்டம் முடிந்தால் லாங் ரெஸ்ட் (ஸ்லாட் எல்லாம் திரும்பக் கிடைக்கும் ஓய்வு) என்று யார் சொன்னது? நான்கு சனிக்கிழமையை ஒரே நாளாக வையுங்கள். இல்லையென்றால் கையேட்டிலேயே இருக்கிற மாற்று விதி: ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். ஃபைட்டரைத் தொடவே வேண்டாம்.

ஒயிட்ஃபீல்டு_பார்டு:
ரெஸ்ட் சரி. ஆனால் இந்த டிராகன் முன்னால் ரெஸ்ட் உதவாது. அதன் பயமுறுத்தலுக்கு விஸ்டம் சேவ் (தப்பிக்க 20 முகப் பகடை உருட்டுவது), டிசி 21, அதாவது பகடையும் கூட்டலும் சேர்ந்து 21 வர வேண்டும். உங்கள் ஆளுக்கு +0. அதாவது 20 விழுந்தாலும் தோல்விதான், சேவில் 20க்குத் தானாக வெற்றி கிடையாது. இண்டாமிட்டபிள் என்ற ஃபைட்டர் திறனை வைத்து மறுபடி உருட்டினாலும் அதே கதை. பயந்தவர் கிட்டே போக முடியாது. போகாமல் கிரேட்ஸ்வோர்டை வைத்து என்ன செய்வார்? ஃபோன்தான் பார்ப்பார்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எல்லா சேவிலும் ப்ரொஃபிஷியன்சி (தேர்ச்சிக்கான கூட்டல்) கொடுங்கள்: +6, எனவே 15 விழுந்தால் போதும். 30 சதவீதம். இண்டாமிட்டபிளும் சேர்ந்தால் 51. இன்னொன்று, 2024இன் இண்டாமிட்டபிளை அப்படியே எடுங்கள்: மறுபடி உருட்டும்போது ஃபைட்டர் லெவலைக் கூட்டலாம். 18 கூடினால் 3 விழுந்தாலே தப்பிவிடுவார். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். முதலில் பயந்து, அப்புறம் பல்லைக் கடித்து நிமிர்கிற ஆள்தான் பார்க்க நன்றாக இருக்கும்.

டேமேஜைக் கூட்டாதீர்கள். அது இப்போதே போதுமான அளவு இருக்கிறது.

மூணாவது_உருட்டல்:
சேவ் பண்ணினாலும் டிராகன் பறக்குமே? விதிப்படி ஓடி வந்து குதித்தால் நீளம் ஸ்ட்ரெங்த் ஸ்கோர் அளவு, 20 அடி. உயரம் 8 அடி. முதல் லெவலிலும் அதுதான், 18இலும் அதுதான். நிஜ உலகில் மைக் பவல் 1991இல் 8.95 மீட்டர் தாண்டினார், 29 அடிக்கு மேல். என் மேஜையில் 17ஆம் லெவலிலிருந்து தாண்டும் தூரத்தை ப்ரொஃபிஷியன்சியால் பெருக்குவோம். நீளம் 120 அடி, உயரம் 48.

பழைய_பகடை:
விதியைப் பாதி படித்தால் இப்படித்தான். தாண்டும் ஒவ்வொரு அடியும் நடக்கிற தூரத்திலிருந்துதான் கழியும். அவருடைய வேகம் சுற்றுக்கு 30 அடி. 120 அடியை எங்கே வைத்துத் தாண்டுவார்?

மூணாவது_உருட்டல்:
அதைத்தான் எழுத விட்டுவிட்டேன் ஐயா: சுற்றுக்கு ஒரு தாண்டல், தூரத்தில் கழிக்காமல். ஆஞ்சநேயர் நூறு யோசனை தாண்டியபோது யார் கழித்துக்கொண்டிருந்தார்கள்?

நெக்ரோ_நாராயணி:
ஆஞ்சநேயர் ஃபைட்டரா? வாயு புத்திரர், வரம் வாங்கியவர். அர்ச்சுனனையும் சேர்க்காதீர்கள். அஸ்திரத்தை மந்திரம் சொல்லித்தான் விடுகிறார்கள், அது ஸ்பெல்.

கடைசி_ஹெச்பி:
கர்ணனுக்கு மந்திரம் மறந்துபோனது ஸ்லாட் தீர்ந்த கணக்கா?

நெக்ரோ_நாராயணி:
அது பரசுராமர் சாபம். ஸ்லாட் இருந்தது, ஸ்பெல்தான் வரவில்லை. சுத்தமான ஃபைட்டர் என்றால் பீமன் ஒருவன்தான். ஜராசந்தனைக் கிழித்துப் போட மந்திரம் தேவைப்படவில்லை.

பழைய_பகடை:
கிருஷ்ணன் துரும்பைக் கிழித்து எதிரெதிர் பக்கம் போட்டுக் காட்டினாரே. அது ஹெல்ப் ஆக்‌ஷன்.

மூணாவது_உருட்டல்:
போரில் ஆயிரம் யானையைக் கொன்றவனுக்குத்தான் பரணி பாடலாம் என்று நம் இலக்கணமே சொல்கிறது. இந்த சாம்பியனுக்குப் பாடலாமா? யானைக்கு 76 ஹெச்பி (உயிர்ப் புள்ளி). வெட்டுக்குச் சராசரி 15, சுற்றுக்கு 3 வெட்டு, 45. எல்லா வெட்டும் பட்டால் ஆயிரம் யானைக்கு 1,689 சுற்று. சுற்றுக்கு 6 விநாடி. மூன்று மணி நேரம்கூட ஆகாது!

பழைய_பகடை:
ஐந்து வெட்டுக்கு 75தான். ஒரு ஹெச்பி மிச்சம், ஆறாவது வெட்டு வேண்டும். ஒரு யானைக்கு இரண்டு சுற்று, மொத்தம் 2,000. மூன்று மணி இருபது நிமிடம். யானைகள் வரிசையில் நின்று கழுத்தை நீட்டுகின்றன என்று வைத்துக்கொண்டால்.

ஒயிட்ஃபீல்டு_பார்டு:
கேட்டவர் எங்கே? @அல்சூர்_டிஎம், தாண்டல் விதியை வைத்தால் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 40 அடி மேலே போய் வெட்டியவர் கீழே விழத்தானே வேண்டும்? விழும் 10 அடிக்கு 1டி6 (ஓர் ஆறுமுகப் பகடை) டேமேஜ், ஆக 4டி6, சராசரி 14. அதை அவர் வாங்க வேண்டுமா, இல்லை டிராகனைப் பிடித்துத் தொங்கலாமா? தொங்க விடுங்கள் என்பேன். ஃபோன் தானாகவே பைக்குள் போய்விடும்.

கடைசி_ஹெச்பி:
இவ்வளவு எதற்கு? ஒரு வில்லைக் கொடுங்கள். லாங்போ 150 அடி.

மூணாவது_உருட்டல்:
+3 கிரேட்ஸ்வோர்டை முதுகில் மாட்டிவிட்டு? அதுவும் பயந்தவர் எய்தால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது).

அல்சூர்_டிஎம்:
ஆடியாயிற்று. 2024 இண்டாமிட்டபிள், தாண்டல், தொங்கல் மூன்றையும் வைத்தேன். இறக்கையில் தொங்கிக்கொண்டே ஆக்‌ஷன் சர்ஜில் (ஒரே முறையில் இன்னொரு ஆக்‌ஷன்) ஆறு வெட்டு வெட்டினார், மேஜையே எழுந்து நின்றது. இப்போது ரோக் (பதுங்கித் தாக்கும் கிளாஸ்) ஆடுபவர் தனக்கும் வேண்டும் என்கிறார். நன்றி எல்லாருக்கும்.

கடைசி_ஹெச்பி:
லாங் ரெஸ்ட் என்ன செய்தீர்கள்?

பழைய_பகடை:
ரோகுக்கு அந்தச் சேவ் விதியைக் கொடுத்துவிடாதீர்கள். அவருக்கு 15ஆம் லெவலிலேயே விஸ்டம் சேவ் ப்ரொஃபிஷியன்சி வந்துவிட்டது. தாண்டலை வேண்டுமானால் கொடுங்கள், ஆனால் ஸ்ட்ரெங்த் ஸ்கோர் என்ன என்று முதலில் கேளுங்கள். 8 என்பார்.