சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள்?

வீட்டில் கள்ளன் வந்த கதைகளைப் பலர் எழுதியிருந்தீர்கள், என்னுடையதையும் எழுதுகிறேன். 2022 மார்ச் கடைசி, 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற நாட்கள். வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் முதலாம் மாடியில் இருந்தோம். இரவு எட்டரை இருக்கும், குசினிப் பக்கம் சரக்கென்று ஒரு சத்தம். பூனை என்று நினைத்து ரோச் அடித்தால், கிறில் கம்பிக்குள்ளால் ஒரு கை. முழங்கை வரை உள்ளே வந்து கொக்கியைத் தடவிக்கொண்டிருந்தது. தொண்டை கிழியக் கத்தினேன், மேல் வீட்டு அக்கா சட்டியில் தட்டினா, அவன் மதில் ஏறி ஓடிவிட்டான். 119க்கு எடுத்தோம், வந்து முறைப்பாடு எழுதிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் ஹூஸ்டனில் இருக்கும் தம்பி எடுத்தான். "அண்ணா, என்னட்டை ஏஆர்-15 ரைபிள் இருக்கு, நீங்களும் ஒன்று எடுங்கோவன்" என்றான். இங்கே 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச்சட்டம் இருக்கிறது, கள்ளனுக்குப் பயந்து ரைபிள் வாங்கி வைப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை என்று சொல்லிவிட்டு, சரி, நீ என்ன ரவை போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். மலிவாகக் கிடைத்த பச்சை நுனி ரவையாம். அது எம்855 என்ற வகை, சன்னத்தின் எடை 62 கிரெய்ன், நுனிக்குள் உருக்குத் துண்டு வைத்து இராணுவத்துக்கென்று செய்தது. அவனுடைய வீடோ மரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த வீடு, படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் இரண்டும் படுக்கிறார்கள். எனக்கு நெஞ்சு திக்கென்றது.

ஏனென்றால் 1987 ஐப்பசிச் சண்டையில் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் துளைத்து வந்த ஒரு சன்னம், அலுமாரிப் பலகையையும் துளைத்து, அம்மா மடித்து வைத்திருந்த கூறைச் சேலைக்குள்ளால் போனது. பிறகு அம்மா அதை விரித்துப் பிடித்தா. மடிப்புக்கு ஒன்றாகப் பதினொரு ஓட்டை, எல்லாம் ஒரே சன்னம். தம்பி அப்போது கைக்குழந்தை, அவனுக்கு ஞாபகம் இருக்காது. அதைச் சொன்ன பிறகுதான் அவன் என் சொல்லைக் கேட்டான்.

இப்போது .223 என்ற அளவில், 55 கிரெய்ன் எடையுள்ள, நுனி விரியும் ரவை வைத்திருக்கிறான். இலேசானது, வேகமானது, எதிலாவது பட்டால் விரிந்தோ உடைந்தோ வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். போரில் இப்படி விரியும் சன்னத்தை 1899 ஹேக் பிரகடனம் தடுத்தது, அதனால்தான் படைகளின் ரவை சன்னத்தின் நுனியையும் மூடும் உலோக உறை போட்டு வருகிறது. வீட்டுக்குள்ளே கதை வேறு. ஆனால் இந்த ரவையும் ஜிப்சம் பலகையில் நிற்காது, அதை அழுத்திச் சொல்கிறேன். ஆகவே எந்தத் திசையில் சுடவே கூடாது என்று பகலில் நடந்து பார்த்து வைக்கச் சொன்னேன், பிள்ளைகளின் கட்டிலையும் மற்றச் சுவர்ப் பக்கம் மாற்றிவிட்டான்.

*

தெஹிவளையில் இருந்து எழுதுகிறேன், ஒன்பது வருடம் டெக்சாஸில் இருந்தவன். அண்ணா சொன்னது முழுக்கச் சரி, என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். ஒரு நாள் விடிய இரண்டு மணிக்குக் கீழே கதவுச் சத்தம், நான் ரைபிளோடு படியில் நிற்கிறேன். துவக்கில் பூட்டிய லைற்றைத் தூக்கினால் குழலும் ஆள்மேல் திரும்பும், ஆகவே மற்றக் கையில் இருந்த ரோச்சை அடித்தேன், குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் என் மூத்தவன், கையில் பால் போத்தல். நாளைக்குத்தான் வருவேன் என்று சொன்ன பிள்ளை. அன்றைக்கு முழுக்க எனக்குக் கை நடுங்கியது. துவக்கு வைத்திருக்கிற சொந்தக்காரருக்கு நான் சொல்வது: குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள், .223 என்று மட்டும் இருந்தால் இராணுவ அளவான 5.56 ரவையைப் போட வேண்டாம், அதன் அழுத்தம் கூட. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் உங்கள் துவக்கில் சிக்காமல் ஓடுகிறதா என்று சுடும் திடலில் நிறையச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புங்கள். அறைக்குள் வெடித்தால் 160 டெசிபெலுக்குக் கிட்ட வரும், காது போய்விடும், பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் காதும்தான். அப்புறம், பூட்டிய பெட்டி இல்லாமல் வீட்டில் வைக்கவே வேண்டாம்.

*

கொட்டாஞ்சேனை. எங்களிடம் துவக்கும் இல்லை, ரவையும் இல்லை. அதே கரண்ட் இல்லாத காலத்தில் எங்கள் மாடியில் இரண்டு வீட்டுக்குள் புகுந்தார்கள், கமரா எல்லாம் செத்துக் கிடந்தது. பிறகு எட்டு வீட்டாரும் சேர்ந்து கிறில் கொக்கிகளை வெளியிலிருந்து கை எட்டாத உயரத்துக்கு மாற்றினோம், படியில் பற்றரி லைற் பூட்டினோம், ஒவ்வொருவர் கட்டிலடியிலும் ஒரு விசில். போன மாதம் கீழ் வீட்டு ஆச்சி ஊதினா, நாங்கள் இறங்கி வர முன்னமே ஆள் ஓடிவிட்டான், கேற்றடியில் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது.