கொலைக்கதை எழுதும் தடயவியல் ஆசிரியரும் ஒரு துண்டு உருளைக்கிழங்கும்

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
தடயவியல் கற்பித்துக்கொண்டே கொலைக்கதையும் எழுதும் நம் மாஷ் (ஆசிரியர்) நடத்திய வகுப்புக்கு வந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் கதையில், சுவர்க் கறையில், இரத்தமா என்று பார்க்கும் மருந்தை விட்டதும் இளஞ்சிவப்பு நிறம் வருகிறது, உடனே ஒருவன் கைதாகிறான். அதைப் படித்துவிட்டு வந்த மாஷ், கோழி இரத்தம் தோய்ந்த பஞ்சுக்குச்சியில் முதலில் பினால்ப்தலீன் கரைசலையும் பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடையும் சொட்டு சொட்டாக விட்டார். நொடியில் சிவந்தது. அடுத்து, அப்போதுதான் நறுக்கிய உருளைக்கிழங்கில் தேய்த்த இன்னொரு குச்சியை எடுத்தார். அதுவும் மெல்லச் சிவந்தது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் செய்கிற வேலையைக் கிழங்கிலுள்ள பெராக்சிடேஸ் நொதியும் செய்துவிடுமாம். "டீச்சரே, இந்தக் கிழங்குக்காக நீங்கள் ஒருவனைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறீர்கள்" என்றார். அவர் குரலில் கேலி இல்லாததால்தான் அது இன்னும் உறுத்துகிறது.

வேலந்தாவளம் செவிலியர்:
எனக்கு மறக்காதது மாஷ் காட்டிய அந்தக் கண்ணாடிச் சாடிதான். பிரேதப் பரிசோதனையில் எடுத்த உள்ளுறுப்புகளை நச்சு ஆய்வுக்கு அனுப்பும்போது பெரும்பாலும் தெவிட்டிய உப்புக் கரைசலில்தான் இடுவார்கள் என்று சொல்லி, சாடியை விளக்கின் முன் தூக்கிப் பிடித்தார். அடியில் கரையாத உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அது தெரிந்தால்தான் கரைசல் தெவிட்டியது என்று பொருள். பல ஆண்டுகளுக்கு முன் ஒதளங்காய் என்ற நச்சுக்காயைத் தின்ற ஒரு பெண்ணின் நாடி என் விரலுக்கடியில் தளர்ந்துகொண்டே போனது நினைவுக்கு வந்தது. ஒதளங்காயை வைத்து ஏன் கதை எழுதவில்லை என்று ஒருவர் கேட்டதற்கு, "எழுதியிருக்கிறேன், ஆனால் அளவை எந்தக் கதையிலும் எழுதமாட்டேன்" என்றார் மாஷ். அந்தப் பதிலுக்காகவே அவரை மதிக்கிறேன்.

வாளையாறு, ஓய்வுபெற்ற ஏட்டு:
டீச்சர், நீங்கள் அளவுக்கு மீறி வருந்துகிறீர்கள். ஒற்றைத் தடயத்தை நம்பவே கூடாது என்று புதியவர்கள் எண்ணிவிடக் கூடாது. தடய மருத்துவம் கற்பித்து, பின்னர் எழுதவும் செய்த டாக்டர் பி. உமாதத்தனை இங்கே பலர் படித்திருப்பீர்கள். 1984இல் கேரளத்தில் அவர் ஆராய்ந்த சுகுமாரக் குறுப்பு கொலை வழக்கில், காருக்குள் எரிந்த உடலின் மூச்சுக்குழாயில் கரித்துகள் இல்லாததே, தீ வைக்கும் முன்பே உயிர் போய்விட்டது என்று காட்டியது.

என் அனுபவம் சிறியது. இரத்தம் தோய்ந்த வேட்டியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பினேன். அது பூஞ்சை பிடித்துப் பயனற்றுப் போனது. மாஷிடம் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆகவே கதை எழுதுகிறவர்கள் கவனியுங்கள்: ஈரத்துணியை நிழலில் உலர்த்தி, காகித உறையில்தான் இட வேண்டும், வெயிலும் ஈரமும் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் தனி உறை வேண்டும். முத்திரையிட்ட உறை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு ஓரிடத்தில் அறுந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் பிடிப்பார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்ற விதி இருக்கிறது. இன்னும் ஏட்டே கத்தியைக் கைக்குட்டையில் சுற்றி எடுக்கிற காட்சியை எழுதாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
ஏட்டய்யா, நீங்கள் சொன்ன வழக்கை மறுக்கவில்லை. ஆனால் அந்த மூச்சுக்குழாயை அறுத்துப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். என் கதையில் நிறம் வந்த பிறகு எவருமே எதையும் பார்க்கவில்லை. இப்போது திருத்தி எழுதுகிறேன். கறை மனித இரத்தம்தானா என்ற ஆய்வறிக்கை இன்னும் வரவில்லை. அவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே அவன் மனைவி கிழங்கு நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.