எஸ்.ஆர். நாதனின் பணிவாழ்வை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

இளவெயினி:
சிங்கப்பூரின் ஆறாவது அதிபர் எஸ்.ஆர். நாதனைப் பற்றிப் பேசுவோர், 1999 முதல் 2011 வரை அவர் அதிபர் மாளிகையான இஸ்தானாவில் இருந்த ஆண்டுகளையே முன்னிறுத்துகிறார்கள். என் மதிப்பீட்டில் அவருடைய பணிவாழ்வின் உச்சம் 1974-இல் நிகழ்ந்த லாஜு விவகாரம். அவ்வாண்டு ஜனவரி 31 அன்று, ஜப்பானியச் செம்படையையும் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியையும் சேர்ந்த நால்வர் புக்கோம் தீவின் எண்ணெய் ஆலையைத் தாக்கிவிட்டு, லாஜு என்ற படகையும் அதிலிருந்தவர்களையும் பிணையாகப் பிடித்தார்கள். நாள்கணக்கில் நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின், பிணையாளிகளின் இடத்தில் சிங்கப்பூர் அதிகாரிகள் பதின்மூவர் அந்த நால்வரோடு குவைத்துக்குப் பறந்தார்கள். தற்காப்பு அமைச்சின் உளவுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த நாதன், தமக்குக் கீழிருந்தவர்களை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல், தாமே அக்குழுவுக்குத் தலைமை ஏற்றுச் சென்றார்.

கலங்கரை:
அந்தத் துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால், நாற்பது ஆண்டுப் பணியை ஒரு வாரத்தைக் கொண்டு அளக்க முடியாது. உளவுப் பிரிவையும், 1979 முதல் வெளியுறவு அமைச்சையும் நடத்திய அதிகாரியை, 1982-இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ் நிறுவனத்தின் நிர்வாகத் தலைவராக அமர்த்தினார்கள். செய்தியாளர்கள் சிலர் கறுப்புப் பட்டை அணிந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அரசு எங்கே அனுப்பினாலும் அங்கே போய் அரசின் வேலையைச் செய்தவர் என்பதே என் வாசிப்பு. அதை விசுவாசம் என்று சொல்லலாம். பொதுச்சேவை என்று சொல்ல அதற்கு மேலும் சான்று வேண்டும்.

தென்னவன்:
அந்தச் சான்று அவருடைய தொடக்க ஆண்டுகளில் இருக்கிறது, இருவருமே அதைத் தாண்டிவிட்டீர்கள். 1955-இல் மருத்துவ சமூகப் பணியாளராக அரசுப் பணியில் சேர்ந்து, அடுத்த ஆண்டே கடலோடிகள் நல அதிகாரியானவர் அவர். 1962 முதல் தொழிலாளர் ஆய்வுப் பிரிவில், தொழிற்சங்கங்கள் முதலாளிகளோடு பேரம் பேசத் தேவையான கணக்குகளையும் வாதங்களையும் தயாரித்துக் கொடுத்தார். பின்னாளில் தூதராக அவர் காட்டிய பொறுமை அந்தப் பேச்சுமேசைகளில் பழகியது என்றே நம்புகிறேன். 1994-இல் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்க இளைஞனுக்குப் பிரம்படி விதிக்கப்பட்டு, அதிபர் கிளிண்டனே குறுக்கிட்டபோது, வாஷிங்டனில் தூதராக இருந்து அந்த நாட்டு ஊடகங்களின் சீற்றத்தை எதிர்கொண்டவர் நாதன்தான். அடிகள் ஆறிலிருந்து நான்காகக் குறைந்தன, தண்டனை நிறைவேறியது, இருநாட்டு உறவும் முறியவில்லை.

கலங்கரை:
தென்னவன் அவர்களே, அந்த ஆய்வுப் பிரிவு எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொதுவாக நிற்கவில்லை. 1961-இல் தொழிற்சங்க இயக்கம் பிளந்தபோது, இடதுசாரிச் சங்கங்களுக்கு எதிராக தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸை வலுப்படுத்தும் நோக்கத்தோடு அது இயங்கியது. ஆகவே அங்கேயும் என் கேள்வி நிற்கிறது. அதிபர் பதவியில் அது இன்னும் கூர்மையாகிறது. முந்தைய அதிபர் ஓங் டெங் சியோங், நாட்டின் சேமிப்பான இருப்புநிதியின் முழுக்கணக்கைக் கேட்டு அரசோடு வெளிப்படையாகவே முரண்பட்டார். நாதனோ 1999-இலும் 2005-இலும் வாக்குப்பதிவே இல்லாமல் வந்தவர். 2009-இல் கடந்தகால இருப்பிலிருந்து 490 கோடி வெள்ளி எடுக்க முதன்முறையாக அனுமதி கேட்கப்பட்டபோது, அதை அளித்தார்.

இளவெயினி:
உலகப் பொருளாதாரமே சரிந்துகொண்டிருந்தபோது, வேலைகளைக் காக்கக் கேட்ட பணம் அது. அனுமதித்ததில் சுமார் 400 கோடிதான் எடுக்கப்பட்டது, 2011-இல் அது திருப்பியும் வைக்கப்பட்டது. மறுப்பதுதான் சுதந்திரத்துக்கு அடையாளம் என்றால், நாட்டுக்கு நன்மை தரும் கோரிக்கையையும் அதிபர் மறுக்க வேண்டியிருக்கும்.

கலங்கரை:
பணம் திரும்பியதா என்பதல்ல என் கேள்வி. இருப்புநிதியைத் திறக்க அரசிடம் முதல் சாவி, அதிபரிடம் இரண்டாவது சாவி. இரண்டாவது சாவியை வைத்திருப்பவர், முதல் சாவியை வைத்திருப்பவர்களிடம் வாழ்நாள் முழுவதும் பணியாற்றியவராக இருக்கலாமா என்பதே.

இளவெயினி:
நிரந்தரச் செயலாளராக மூன்றாண்டு இருந்தவரை அதிபர் வேட்பாளராக ஏற்றது அரசமைப்புச் சட்டம். கருவூலமும் அமைச்சுகளும் எப்படி இயங்குகின்றன என்று அறிந்தவருக்குத்தான் எந்தக் கேள்வியை எழுப்புவது என்று தெரியும். இந்த விதியே தவறு என்பது உங்கள் வாதமானால், அதற்குப் பதில் சொல்லவேண்டியது நாடாளுமன்றம், நாதன் அல்ல.

கலங்கரை:
நாடாளுமன்றத்திடமும் கேட்கிறேன். ஆனால் 2005-இல் மற்ற விண்ணப்பதாரர்கள் எவருக்கும் தகுதிச்சான்று கிடைக்காமல், அவர் ஒருவரே களத்தில் நின்றார். வாக்காளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கவும் கூடும். அந்த வாய்ப்பு அவர்களுக்கும் கிடைக்கவில்லை, அவருக்கும் கிடைக்கவில்லை.