கையால் வரைந்த சிற்றேட்டைச் சந்தையில் விற்பது எப்படி?

கேள்வி: ஆத்தங்குடித் தரைக்கற்களின் பூவேலைகளை மையால் வரைந்து, 16 பக்கச் சிற்றேடு ஒன்றைத் தயாரித்திருக்கிறேன். அடுத்த மாதம் காரைக்குடியில் நடக்கும் கைவினைச் சந்தையில் ஒரு மேசை கிடைத்திருக்கிறது. எத்தனை படிகள் எடுப்பது, என்ன விலை வைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: தம்பி, முதல் முறைக்கு 30 படிகள் போதும். சென்ற ஆண்டு நான் 100 படிகள் எடுத்தேன். பென்சிலால் தீட்டிய மெல்லிய நிழல்கள் ஜெராக்ஸில் மறைந்துபோனதை மேசையில் அடுக்கிய பிறகே கவனித்தேன், பாதிக்கு மேல் வீடு திரும்பின. ஆகவே நிழலையும் மைக்கோடுகளாலேயே வரையுங்கள், ஒரு படியை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்லுங்கள். நான்கு ஏ4 தாள்களைச் சேர்த்து மடித்து, மடிப்பில் மூன்று துளையிட்டு, நடுத்துளையில் தொடங்கிய நூலை அங்கேயே கொண்டுவந்து முடிச்சிட்டால், ஸ்டேப்ளர் பின் அடித்தால் பிடிப்பதைப் போன்ற துரு இதில் பிடிக்காது.

மறுமொழி 2: தாள், நகல், நூல் ஆகியவற்றின் செலவோடு மேசை வாடகையின் பங்கையும் உங்கள் உழைப்பையும் சேர்த்தே விலை வையுங்கள். பிள்ளைகளுக்காக, ஒரே தாளை மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டி, 8 பக்கச் சிறு ஏடும் செய்யலாம். ஆத்தங்குடிக் கல்லைச் செய்ய, கண்ணாடியின் மேல் சட்டம் வைத்து, அச்சின் அறைகளில் வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றும் கைகளையும் வரைந்திருக்கிறீர்களா? நான் அந்தப் பக்கத்துக்காகவே வாங்குவேன்.

கேட்டவர்: மிக்க நன்றி, ஆச்சி. அந்தக் கைகளை வரைய இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆத்தங்குடிக்குப் போகிறேன்.