முதல் கேமிங் சிஸ்டத்தில் எங்கே சறுக்கினீர்கள்? கடலூர், பாண்டி ஆட்கள் வரவும்

மஞ்சக்குப்பத்தான்:
நானே தொடங்குகிறேன். பட்ஜெட் நாற்பதுக்குள். ஐ3 12100எஃப் பிராசசர், எச்610 போர்டு, 16 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டு மட்டும் தீபாவளி போனஸில். கடைக்காரர் போனில் "கார்டு?" என்றார், "அது அப்புறம் பார்த்துக்கலாம்ணே" என்றேன், என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார் போல. எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் படமே வராது என்பது தெரியாதா? தெரியும். நூறு வீடியோ பார்த்தவன், லிஸ்ட் எழுதியதே நான்தான். ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் என்றதும் அந்த ஒரு எழுத்து கண்ணில் படவே இல்லை.

ராத்திரி பதினொன்றரை. ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டரில் "நோ சிக்னல்". ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன், மூன்று தடவை. அப்பா பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "நாற்பதாயிரத்துக்கு ஃபேன் நல்லாத்தான் சுத்துது, காத்தும் வருது" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். நண்பன் கொடுத்த ஜிடி 710 கார்டை மாட்டி இரண்டு மாதம் ஓட்டினேன். இன்றைக்கும் வீட்டில் டேபிள் ஃபேனைப் போட்டால் அதுதான் ஞாபகம் வருகிறது.

லாரன்ஸ்ரோடு_77:
உங்களுக்காவது சுற்றியது. எனக்கு வெடித்தது. கேபினட்டோடு சும்மா வந்த எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி), மேலே 500 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி செகண்ட் ஹேண்டில் தந்த கார்டு, அது மட்டுமே 150 வாட்ஸுக்குக் குறையாமல் இழுக்கும். மூன்றாம் நாள் மேட்ச் நடுவில் "டப்". வெடிச்சத்தம் மாதிரி இல்லை, டியூப்லைட் உடைகிற மாதிரி. அப்புறம் மீன் கருகின நாற்றம், அம்மா எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார். கழற்றிக் கையில் எடுத்தால் கனமே இல்லை, காலி பிஸ்கட் டின் போல இருந்தது. அப்போதுதான் பக்கத்து ஸ்டிக்கரைப் படித்தேன், 12 வோல்ட் லைனில் 16 ஆம்பியர். பெருக்கினால் 192. பிராசசர், கார்டு இரண்டும் தின்பது அந்த லைனில்தான். ஆறாம் வகுப்புக் கணக்கு, போடவில்லை.

போர்டு பிழைத்தது, கார்டு போயிற்று. சாகும் முன் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரில் பார்த்திருந்தேன், 2048 ஷேடர் (படத்துக்குக் கணக்குப் போடும் குட்டி யூனிட்). அசல் 580க்கு 2304. 2022 செப்டம்பரில் கார்டுகளை வைத்து எதிரியம் என்ற கிரிப்டோ காசு எடுக்கும் மைனிங் நின்ற பிறகு மூட்டை மூட்டையாக இறங்கிய சரக்கு.

முத்தியால்பேட்டை_ரைசன்:
முதல் பதிவருக்கு, கோபித்துக்கொள்ள வேண்டாம். கார்டு பிறகுதான் என்றால் ரைசன் 5 5600ஜி பிராசசர் எடுத்திருக்க வேண்டும், உள்ளேயே வேகா 7 கிராபிக்ஸ் இருக்கிறது, முதல் நாளே படம் வந்திருக்கும். என் தவறு ஒற்றை 8 ஜிபி ரேம். ஜிடிஏ 5 திக்கித் திக்கிப் போனது, இன்னொரு 8 ஜிபி போட்டதும் அதே தெரு அதே செட்டிங்கில் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது.

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு ரேம் ஸ்லாட் உள்ள போர்டு என்றால் இரண்டு ரேமையும் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவதில் போடுங்கள். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக செட்டிங்கை ஆன் செய்யாவிட்டால் 3200 ரேம் 2133இலோ 2400இலோ தூங்கும், வருடக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய ஸ்டாக் பி450 போர்டு என்றால் ரைசன் 5000 சீரிஸுக்கு பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஏஎம்4 சாக்கெட் ரைசன் போர்டில் கூலரைக் கழற்றும் முன் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, மெதுவாகத் திருகி எடுங்கள், இல்லையென்றால் நடுவில் தடவிய பேஸ்டோடு பிராசசரும் பிய்த்துக்கொண்டு வரும், பின் வளைந்தால் போச்சு.

நெல்லிக்குப்பம்காரன்:
பார்க்கிறவர்களுக்கெல்லாம் 5600ஜி என்று சொல்லாதீர்கள் ஐயா. எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி, சாதா 5600இல் 32. பிசிஐஇயும் (கார்டுக்கும் பிராசசருக்கும் நடுவில் உள்ள பாதை) 3.0தான். நான் அதில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு போட்டேன். அந்தக் கார்டுக்கு இருப்பதே நான்கு லேன், 4.0 இருந்தால் ஓரளவு சமாளிக்கும், 3.0இல் பாதிதான் போகும். கார்டில் உள்ள 4 ஜிபி நிறைந்ததும் வளைவில் கார் அப்படியே உறையும், அடுத்த கணம் சுவரில் இருக்கும். எனக்கு ஓட்டத் தெரியாது என்று தம்பி தெருவெல்லாம் சொல்லிவிட்டான்.

முத்தியால்பேட்டை_ரைசன்:
தவறு 6500இல். 5600ஜியில் இல்லை.

நெல்லிக்குப்பம்காரன்:
இரண்டிலும்.

திருப்பாப்புலியூர்_பஸ்:
சண்டை முடிந்ததா? பாண்டியில் வரி கம்மி என்று மாமா சொன்னதை நம்பி, அங்கே போய் வாங்கினேன். பில்லைப் பார்த்தால் ஜிஎஸ்டி ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு சதவீதம், இங்கே இருப்பதேதான். "வரி கம்மியா இருக்கும்னு சொன்னாங்களே" என்றேன். கல்லாவில் இருந்தவர் சிரிக்கக்கூட இல்லை, "அது 2017 ஜூலையோட போச்சு தம்பி" என்று பில்லை மடித்துக் கொடுத்தார். தினம் நாலு பேர் கேட்பார்கள் போல. பஸ்ஸில் கேபினட்டைக் கையிலும் மடியிலும் வைத்துக்கொண்டு நின்றும் உட்கார்ந்தும் வந்தேன், அதற்கு லக்கேஜ் டிக்கெட் வேறு.

தாழங்குடா:
என் கதை சின்னது. ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது முதலில் கேபினட்டைத் தூக்கிக் கட்டிலில் வைத்தேன், அப்புறம்தான் பாட்டியின் டிரங்குப் பெட்டி. பாட்டி அதைப் பார்த்துவிட்டார்.

கடலோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க: தரையில் வைக்காதீர்கள், உப்புக் காற்றில் பின்பக்கத் தகடும் ஸ்க்ரூவும் முதலில் துருப்பிடிக்கும், சில மாதத்துக்கொருமுறை தூசி தட்டுங்கள், நீண்ட நாள் அணைத்தே வைக்காதீர்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் இல்லை, இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கிப் போடுங்கள். யுபிஎஸ்ஸில் 600 விஏ என்று போட்டிருப்பது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான், கேம் ஓடும்போது மானிட்டரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள். கரண்ட் வந்தவுடன் ஆன் செய்யாமல் ஐந்து நிமிடம் பொறுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
தலைவரே, பிரிண்டரே இல்லை. பாட்டி என்ன சொன்னார் என்பதைச் சொல்லியிருக்கலாம்.

முத்தியால்பேட்டைக்காரர் சொன்னது சரிதான், ஆனால் அப்போது 5600ஜி என் பட்ஜெட்டில் இடிக்கும். தீபாவளிக்கு ஆர்எக்ஸ் 6600 வந்தது. மாட்டி ஆன் செய்தால் மறுபடி "நோ சிக்னல்". பார்த்தால் எச்டிஎம்ஐ கேபிளை அவசரத்தில் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருக்கிறேன். நல்லவேளை, அப்பா அன்று விருத்தாசலம் போயிருந்தார்.