மறு: காப்புக்கடல், காப்பெல்லை: கடலில் சட்டம் வரையும் கோட்டுக்குத் தமிழ்ச் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

கடல்வாழ் உயிர்களுக்காகச் சட்டம் ஒதுக்கி வைத்த கரையோரக் கடல்பகுதியை எப்படி அழைப்பது, அதன் எல்லையை எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: ‘கடல்வாழ் உயிரின அடைக்கலப் பகுதியின் சட்டபூர்வ எல்லை’, ‘கடல்சார் புகலிட வரம்பு’, ‘நெய்தல் சரணாலய எல்லை’. மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதலாவது விளக்கம், சொல் அல்ல. இரண்டாவதில் ‘புகலிடம்’ என்றதுமே அகதிகள் நினைவுதான் வருகிறது, செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை அப்படிப் பழக்கிவிட்டன. மூன்றாவது காதுக்கு இனிமை. ஆனால் சட்டப்படி தவறு.

ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் சரணாலயம் என்பது ஒரு தனி வகை. தேசியப் பூங்கா வேறு வகை. இவற்றோடு பாதுகாப்பகம், சமூகப் பாதுகாப்பகம் என்று இன்னும் இரண்டு உண்டு. ஒவ்வொன்றிலும் மக்களுக்கு மிஞ்சும் உரிமை வேறு. சரணாலயத்துக்குள் ஏற்கெனவே இருந்த சில உரிமைகள் தொடர இடம் உண்டு. தேசியப் பூங்காவில் உரிமைகள் எல்லாம் அரசின் கைக்குப் போன பிறகுதான் அறிவிப்பே முழுமை பெறும். மன்னார் வளைகுடாவில் 1986இல் அறிவிக்கப்பட்டது தேசியப் பூங்கா. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது கடற்பசுப் பாதுகாப்பகம். ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் அந்த விலங்குக்காக நாட்டில் முதலில் வந்தது அதுதான். இரண்டையும் ‘சரணாலயம்’ என்று எழுதினால், வலை போடலாமா கூடாதா என்று கேட்கிறவருக்குத் தப்பான பதில் போய்ச் சேரும்.

ஆக நமக்கு வேண்டியது நான்கு வகைக்கும் பொதுவான, அதே சமயம் எந்த ஒரு வகையின் பெயரோடும் மோதாத சொல். என் பரிந்துரை காப்புக்கடல்.

இது முழுக்கப் புதிதாகச் செய்தது இல்லை. மலைப்பாதையில் போகும்போது வனத்துறைப் பலகைகளில் ‘காப்புக்காடு’ என்று பார்த்திருப்பீர்கள். 1882ஆம் ஆண்டின் வனச் சட்டத்தின்படி ஒதுக்கப்பட்ட காட்டுக்கு அரசே வைத்து, மக்களும் பழகிய பெயர் அது. அதே அச்சில் கடலுக்கும் வார்த்தால் கேட்ட உடனே பாதிப் பொருள் விளங்கிவிடும். ‘காப்புக்காடு ஒரு குறிப்பிட்ட சட்ட வகை, அதைப் பார்த்துக் காப்புக்கடலும் ஒரு சட்ட வகை என்று நினைத்துவிடுவார்களே’ என்று இங்கே ஒரு நண்பர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் பெயரில் கடலுக்கென்று ஒரு வகை நம் சட்டத்தில் இல்லை என்பதால் மோதல் வராது. பொதுப்பெயராகத் தாராளமாக நிற்கும்.

அப்புறம், எல்லை. காப்பு + எல்லை, காப்பெல்லை. கோவில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் எல்லை தாண்டிப் போய் இரவு தங்குவதில்லை என்ற வழக்கம் நமக்குத் தெரியும். காப்பும் எல்லையும் தமிழில் ஏற்கெனவே ஒன்றாகப் புழங்கியவை. யாரும் பாடம் எடுத்து விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சொல்லை முன்பு சொன்னபோது வந்த மறுப்பு ஒன்றை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ‘காப்பு மாட்டினார்கள் என்றால் கைது செய்தார்கள் என்று பொருள், மீனவர் காதில் காப்பெல்லை என்பது கைது எல்லையாக விழாதா’ என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். அந்தப் பயம் மெய்யானது. எந்த இடத்தில் கோடு இருக்கிறது என்று தெரியாமல் படகைத் திருப்பியவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பயத்தைச் சொல்லா உண்டாக்கியது? கோடு அவர்கள் மொழியில் சொல்லப்படாததுதான் உண்டாக்கியது. சரணாலயத்துக்குள் கடற்பகுதியைச் சேர்க்கும்போது, கடற்படையின் தலைமைக் கடல் அளவையாளரைக் கலந்து எல்லையை முடிவு செய்ய வேண்டும், அங்குள்ள மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதுமான ஏற்பாடும் செய்ய வேண்டும் என்று அந்த 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் 26அ பிரிவே சொல்கிறது. காப்பு என்பது மீனுக்கு மட்டும் இல்லை என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் எனக்கு இந்தச் சொல் இன்னும் பிடிக்கிறது.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். காப்பெல்லை என்பது சட்டம் அறிவித்த எல்லை. அந்த எல்லையைக் கடலில் எதை வைத்துப் பிடிப்பது? நிலத்தில் கல் நடலாம், வேலி போடலாம். கடலில் மூன்று பிடிகள்தான் உண்டு: நீர் ஏறி இறங்கும் மட்டம், ஆழம், அட்சரேகை தீர்க்கரேகைப் புள்ளி. இவற்றுக்கு நாம் எழுதிக்கொண்டிருக்கும் சொற்கள்தான் பெரிய குழப்பம்.

சில ஆண்டுகளுக்கு முன் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையே ஒரு கடலோர ஊரில் வைக்க இருந்த அறிவிப்புப் பலகைக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தேன். கரையோரத்தில் கட்டடம் கட்டுவது போன்றவற்றுக்கு விதி வைக்கும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் பற்றியது. ‘உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர்’ என்று இருந்தது. எங்கும் அப்படித்தானே எழுதுகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். படகடியில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் அதை வாசித்துக் காட்டியபோது அவர் கை நின்றது.

“எந்த அலையைச் சொல்றீக தம்பி? சோழகத்துல அடிக்கிறதா, வாடையில அடிக்கிறதா?”

பதில் சொல்ல முடியவில்லை. அலை காற்றால் வருவது, ஆண்டு முழுக்க மாறுவது. சட்டம் சொல்வது அலையையே இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகம் ஏறும் நாட்களில் நீர் நிலத்தில் எதுவரை வந்து தொடுகிறதோ அந்தக் கோட்டைச் சொல்கிறது. இதை நான் விளக்கியதும் அவர், “பெருக்கா? அப்படிச் சொல்லுங்க” என்றபடி எழுந்து நடந்தார். மணலில் காய்ந்து சுருண்ட கடல்தாழை என்னும் கடற்புல் ஒரு நீண்ட கறுப்புக் கோடாகக் கிடந்தது. அதைக் காலால் தட்டிக் காட்டி, “இந்தா, போன அமாவாசைப் பெருக்கு இங்க விட்டுட்டுப் போயிருக்கு” என்றார். சட்டம் பத்து வரியில் சொல்வது அங்கே மணலில் கிடந்தது.

அதனால் ‘உயர் அலைக் கோடு’ கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ‘உயர் ஓதக் கோடு’ பரவாயில்லை. ஓதம் பழைய, நல்ல சொல், சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. ஆனால் ‘உயர் ஓதம்’ என்றால் அன்றாடம் ஏறும் நீரா, அமாவாசைக்கு ஏறும் பெரும் நீரா என்ற ஐயம் வருகிறது. கரையில் கேட்டால் ‘தண்ணி பெருக்கு’, ‘தண்ணி வத்திருக்கு’ என்கிறார்கள். ஈழத்து நண்பர்கள் ‘வற்றுப்பெருக்கு’ என்றே எழுதுகிறார்கள். இரண்டு கரையிலும் உயிரோடு இருக்கும் சொல்லை விட்டுவிட்டு நாம் ஏன் அலையைப் பிடித்துத் தொங்க வேண்டும்? நீர் ஏறித் தொடும் உச்சக் கோட்டுக்குப் பெருக்குக் கோடு. இறங்கி நிற்கும் கோட்டுக்கு வற்றுக் கோடு. இரண்டுக்கும் இடையே மூழ்கியும் வெளித்தெரிந்தும் கிடப்பது வற்றுநிலம்.

‘கோடு’ என்பதற்குப் பதில் ‘வரை’ என்று போடலாம் என்றார் ஒருவர். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘பெருக்குவரை தடை’ என்று எழுதினால் பெருக்கு வரும்வரை தடையா, அந்தக் கோட்டில் தடையா? சட்டத் தமிழில் இந்த இடறல் ஆகாது. கோட்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பழந்தமிழில் அதற்குக் கரை என்ற பொருளும் இருக்கிறது, குளத்தின் கரையைக் குளக்கோடு என்பார்கள். வரி, கரை இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருக்கும்போது கடலோரத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேறு எது?

இந்த வேறுபாடு எழுத்தில் மட்டும் இல்லை. மன்னார் வளைகுடாவில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. பெருக்குக் கோட்டுக்கும் வற்றுக் கோட்டுக்கும் இடையே பல இடங்களில் சில தப்படி தூரம்தான். குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் அது பல மீட்டர், அங்கும் ஒரு கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. நீர் இறங்கினால் பவளப்பாறையும் சேறுமாக நெடுந்தூரம் வெளியே வந்துவிடும். அங்கே எல்லையைப் பெருக்குக் கோட்டில் வைப்பதா, வற்றுக் கோட்டில் வைப்பதா என்பதில் வற்றுநிலம் முழுவதும் காப்புக்குள் வருமா வெளியே போகுமா என்பதே அடங்கியிருக்கிறது. நாட்டின் கடல் எல்லையான 12 கடல் மைலை அளக்கத் தொடங்குவதோ பொதுவாக வற்றுக் கோட்டிலிருந்து, 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஒரே கரையில் ஒரு சட்டம் பெருக்கிலிருந்தும் இன்னொரு சட்டம் வற்றிலிருந்தும் அளக்கிறது. இரண்டையும் மொழிபெயர்ப்பில் ‘கடற்கரைக் கோடு’ என்று எழுதிவிட்டுப் போகிறோம்.

ஆழத்துக்கு வருவோம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 560 சதுர கிலோமீட்டர், ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும். தீவைச் சுற்றி எதுவரை? கரையைப் பார்த்த பக்கம் மூன்றரை ஃபாதம், கடலைப் பார்த்த பக்கம் ஐந்து ஃபாதம் ஆழம் வரை. இதைச் சில தமிழ்க் கையேடுகளில் ‘ஃபேதம்’ என்று அப்படியே ஒலிபெயர்த்துப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்தக் கடலில் கயிறு இறக்குகிறவர் அனைவருக்கும் அது பாகம். அதே பெரியவர்தான், இரண்டு கையையும் விரித்து ஒரு கயிற்றை நெஞ்சோடு சேர்த்து இழுத்துக் காட்டி, “இது ஒரு பாகம்” என்றார். சுமார் 1.83 மீட்டர். மூன்றரைப் பாகம் ஆறு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர், ஐந்து பாகம் ஒன்பது மீட்டரைத் தாண்டும். அளவைக் கையில் வைத்திருப்பவருக்கே அது புரியாதபடி எழுதியிருக்கிறோம்.

‘பாகம்’ என்றால் பகுதி என்றும் பொருள்படுமே என்பது நியாயமான கேள்வி. அலகாக எண்ணோடு வரும்போது குழப்பம் வராது: ‘ஐந்து பாக ஆழம்’. எல்லையின் பெயரில் மட்டும் ‘பாக எல்லை’ என்று போடாமல் ஆழ எல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆழ எல்லையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததும் அரிப்பும் சேர்ந்து செய்த வேலை. தீவே இல்லாதபோது கரைப்பக்கம் எது, கடல்பக்கம் எது? மணல் நகர்ந்தால் ஐந்து பாகமும் இடம் மாறும். இப்படி இயற்கையோடு சேர்ந்து நகரும் எல்லைக்கும், வரைபடப் புள்ளிகளால் கட்டி நகராமல் நிற்கும் எல்லைக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். நகர் எல்லை, நிலை எல்லை என்று வைக்கலாமா? ‘நகர்’ என்றால் ஊர் என்று படித்துவிடுவார்கள் என்ற தயக்கம் எனக்கே இருக்கிறது. ‘நகரும் எல்லை’ என்று விரித்தே எழுதுவது மேல். சொல் சுருங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இன்னொன்று. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 1989இல் அறிவிக்கப்பட்டது, 10,500 சதுர கிலோமீட்டர். பத்திரிகைகள் இந்த எண்ணையும் 560ஐயும் மாற்றி மாற்றிப் போடுகின்றன. உயிர்க்கோளக் காப்பகம் வனவுயிர்ச் சட்டத்தின் வகை இல்லை. அதன் பரப்பு முழுவதும் மீன்பிடிக்கத் தடையும் இல்லை. அதனால் காப்பெல்லை என்ற சொல்லை 560க்கு மட்டும் வைத்துக்கொண்டு, 10,500ஐக் ‘காப்பகப் பரப்பு’ என்று எழுதினால் நல்லது. விசைப்படகுகள் கரையிலிருந்து இத்தனை கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் விதித்த தூரமும் காப்பெல்லை இல்லை, அது தொழில் எல்லை.

அந்தப் பலகையை இந்தச் சொற்களில் திருப்பி எழுதிப் பார்த்தேன். திருத்திக் கொடுங்கள்:

‘இந்தத் தீவைச் சுற்றியுள்ள கடல் காப்புக்கடல். இதன் காப்பெல்லை கரைப்பக்கம் மூன்றரைப் பாகம், கடல்பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை. எல்லைப் புள்ளிகள் கீழே உள்ள வரைபடத்தில் உள்ளன. கரையில் கட்டடம் கட்டுவதற்கான தூரம் பெருக்குக் கோட்டிலிருந்து அளக்கப்படும்.’

குமரிக் கடற்கரையிலும் காரைக்கால் பக்கமும் இருப்பவர்கள், உங்கள் ஊரில் ‘பெருக்கு’, ‘வத்து’ என்பதற்கு வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். குமரிப் பக்கம் பாகத்தை ‘மார்’ என்பார்களா என்பதையும் யாராவது கரையில் கேட்டுச் சொன்னால் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.